வணக்கமும் நமஸ்காரமும்

ஒருவரை ஒருவர் சந்திக்கும்போது சொல்லும் முதல் சொல்லிலேயே மதிப்பும் தெரிந்துவிடும், அவமதிப்பும் தெரிந்துவிடும். ஜப்பானியர் குனிந்து வணங்குகிறார்கள். தாய்லாந்து மக்கள் நம்மைப் போலவே கைகூப்புகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரிகள் மூக்கோடு மூக்குச் சேர்க்கிறார்கள். முறை எதுவாயினும், 'உங்களை மதிக்கிறேன்' என்பதே அதன் பொருள். 2020இல் கொரோனா பரவியபோது, மேல்நாட்டுத் தலைவர்கள் சிலரும் கைகுலுக்குவதை விட்டுக் கைகூப்பியதைக் கண்டோம்.

தமிழரும் மலையாளிகளும் இவ்விஷயத்தில் ஒருவருக்கொருவர் அந்நியர் அல்லர். நாம் 'வணக்கம்' என்கிறோம். அவர்கள் 'நமஸ்காரம்' என்கிறார்கள். நமஸ்காரம் நம்மவர் வீடுகளிலும் உண்டு. கேரளக் கத்தோலிக்கர் மே மாதத்தில் மாதாவுக்குச் செய்யும் வழிபாட்டுக்கோ 'வணக்கமாசம்' என்றே பெயர். 'சாப்பிட்டாச்சா?' என்று நாம் விசாரித்தால், 'ஊணு கழிச்சோ?' என்று அவர்கள் விசாரிக்கிறார்கள். விடைபெறும்போது 'போகிறேன்' என்று சொல்ல மனம் வராமல் 'போய் வருகிறேன்' என்கிறோம். அவர்களும் 'வரட்டே' என்றே கேட்கிறார்கள்.

ஆயினும், மரியாதை என்ற பெயராலேயே மனிதனை மனிதன் தாழ்த்திய மண் இது என்பதை மறப்பதற்கில்லை. பழைய திருவிதாங்கூரில் ஒடுக்கப்பட்ட சாதியார் மேல்சாதியார் முன் 'நான்' என்று சொல்லக்கூடாது; 'அடியன்' என்றே சொல்ல வேண்டும். மார்பை மறைக்காமல் நிற்பதே பெண்கள் காட்ட வேண்டிய மரியாதை எனப்பட்டது. தெற்குத் திருவிதாங்கூரின் நாடார் பெண்கள் பல்லாண்டுகள் போராடிய பிறகே, 1859 ஜூலையில் மேலுடம்பை மறைக்க அரசு அனுமதித்தது. அப்போதும் மேல்சாதிப் பெண்களைப் போல் உடுத்தக்கூடாது என்று நிபந்தனை விதித்தது. 1851இல் மறைந்த அய்யா வைகுண்டரின் வழி வந்த ஆண்கள் இன்றும் தலைப்பாகை கட்டியே வழிபடுவது, அந்தக் காலத்து அவமதிப்புக்குச் சொன்ன பதிலாகும்.

அந்த வழக்கங்கள் ஒழிந்தன. ஆனால், ஒரே சொல்லில் மனிதனைச் சிறுமைப்படுத்தும் புத்தி இன்னும் ஒழிந்தபாடில்லை. தமிழரைப் 'பாண்டி' என்று அழைக்கும் வழக்கத்தைத்தான் சொல்கிறோம். மதுரையைத் தலைநகராகக் கொண்ட ஒரு பழம்பெரும் நாட்டின் பெயர் ஏளனச் சொல்லாகிவிட்டது வேதனைக்குரியது. 'அண்ணாச்சி' என்பது நெல்லையிலும் குமரியிலும் மூத்தவரை மதித்து அழைக்கும் சொல். அதையே கேலியாக இழுத்துச் சொன்னால் வசவாகிவிடுகிறது. ராஜா கேசவதாசன் உருவாக்கிய சாலைக் கடைத்தெருவில் தலைமுறை தலைமுறையாக வியாபாரம் செய்தும் மூட்டை சுமந்தும் இந்நகருக்கு உழைத்தவர்களுக்கு இது தகுந்த கைம்மாறு அல்ல.

மலையாள நண்பர்களை மட்டும் குறை கூறிப் பயனில்லை. நம்மவர்களும் தமக்குள் பேசும்போது 'மலையாளத்தான்' என்று ஒருமையில் குறிப்பிடுவதை மறைக்க முடியாது. மரியாதை கேட்பவர் முதலில் மரியாதை கொடுக்க வேண்டும்.

1969ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், தமிழ்ச் சிறுபான்மையினர் மாநில அரசுக்குத் தமிழிலேயே எழுத இடம் தந்துள்ளது. சட்டம் தந்த இந்த மதிப்பு அலுவலக மேஜை வரை வந்து சேர வேண்டும். தமிழில் எழுதிய மனுவை நீட்டும் முதியவரை அங்கிருப்பவர் எப்படி அழைக்கிறார் என்பதில்தான் அச்சட்டத்தின் உயிர் இருக்கிறது.

பள்ளிகளின் பொறுப்பு இன்னும் பெரிது. வகுப்பில் ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளை 'பாண்டி' என்று கேலி செய்தால், ஆசிரியர் சிரித்துவிட்டுப் போகாமல் அப்போதே திருத்த வேண்டும். கேலிக்கு அஞ்சித் தாய்மொழியை வீட்டோடு நிறுத்திக்கொள்ளும் நிலை எந்தப் பிள்ளைக்கும் வரலாகாது.

நம் பிள்ளைகள் 'வணக்கம்' சொல்லக் கூச வேண்டியதில்லை. நமஸ்காரத்துக்கு நமஸ்காரம் சொல்லத் தயங்கவும் வேண்டியதில்லை. இரண்டுக்கும் கூப்புவது அதே இரண்டு கைகளைத்தான்.