தண்ணீரில் ஓடிய ஜீப்பும் தேய்மானக் கணக்கும்

ஒரு லட்ச ரூபாய்க்கு வாங்கிய வண்டி. வருடத்துக்கு 15 சதவீதம் தேய்மானம், குறைந்து செல் இருப்பு முறை. 20 வருடம் கழித்து அதன் ஏட்டு மதிப்பு என்ன? வணிகவியல் படிக்கிற யாரைக் கேட்டாலும் கால்குலேட்டரைத் தட்டி ரூ. 3,876 என்று சொல்லிவிடுவார்கள். பழைய இரும்புக் கடைக்காரர் அதைவிடக் கூடுதலாகவே கொடுப்பார் என்பது வேறு விஷயம்! இந்தக் கணக்கை மட்டும் நம்பியிருந்தால் உலகத்தில் ஒரு பழைய வண்டிகூட மிஞ்சியிருக்காது. அதிலும் தண்ணீரிலும் தரையிலும் ஓடுகிற இரண்டுங்கெட்டான் வண்டிகள் நிச்சயமாக மிஞ்சியிருக்காது.

அந்த இரண்டுங்கெட்டான்களில் பெயர் பெற்றது ஃபோர்டு ஜிபிஏ. இரண்டாம் உலகப் போருக்காக 1942, 43ல் பன்னிரண்டாயிரத்துக்கும் மேல் செய்தார்கள். ராணுவ ஜீப்பைச் சுற்றிப் படகு மாதிரி ஒரு தகர உடம்பு, பின்னால் ஒரு புரொப்பல்லர், ஒரு சுக்கான். ஸ்டியரிங்கைத் திருப்பினால் சக்கரமும் சுக்கானும் சேர்ந்தே திரும்பும். கேட்க ஜோராகத்தான் இருக்கிறது. ஆனால் தரையில் சாதாரண ஜீப்பைவிடக் கனம். தண்ணீரிலோ விளிம்பு ரொம்பத் தாழ்வு, கொஞ்சம் அலை அடித்தாலும் உள்ளே தண்ணீர். போர் முடிந்ததும் ஏலத்துக்கு வந்துவிட்டது.

ஏலத்தில் ஒன்றை எடுத்தவர் பென் கார்லின் என்கிற ஆஸ்திரேலியர். போர்க்காலத்தில் இந்திய ராணுவத்தின் பொறியாளர் பிரிவில் இருந்தவர். 1946ல் வங்காளத்தில் ஒரு விமானத் தளத்தில் இந்த வண்டியைப் பார்த்தபோதே, இதில் உலகத்தைச் சுற்றிவிடலாம் என்ற எண்ணம் அவருக்கு விழுந்துவிட்டது. 1950ல் கனடாவின் ஹாலிஃபாக்ஸில் மனைவியோடு அட்லாண்டிக்கில் இறங்கி, 32 நாளில் அசோர்ஸ் தீவைத் தொட்டார். பிறகு ஐரோப்பா, இந்தியா, ஜப்பான், அலாஸ்கா என்று சுற்றி 1958ல் மாண்ட்ரியலில் முடித்தார். வண்டிக்கு அவர் வைத்த பெயர் 'ஹாஃப் சேஃப்', அதாவது பாதிப் பத்திரம். வியர்வை நாற்றத்துக்கான மருந்தின் விளம்பரத்திலிருந்து எடுத்த பெயர்!

சாகசத்தைப் பற்றி எல்லோரும் பேசுவார்கள். அத்தனை வருடம் அந்த வண்டியை ஓட வைத்தது ரிப்பேர் வேலை. அதில் எஞ்சின் சுலபமான பகுதி. ஜீப்பின் அதே 2.2 லிட்டர், நாலு சிலிண்டர் எஞ்சின்தான். மகிந்திரா இங்கே தயாரித்த சிஜே-3பி ஜீப்பின் பெட்ரோல் எஞ்சினும் அதே குடும்பம். அச்சன்புதூர், வடகரை பக்கம் பழைய ஜீப்பில் கை வைத்துப் பழகிய மெக்கானிக் யாருக்கும் அது பிடிபட்டுவிடும்.

பிடிபடாதது உடம்பு. இந்தத் தகரம் உள்ளிருந்து துருப்பிடிக்கும். மூலைகளில் சேறு தங்கி ஈரத்தைப் பிடித்துக்கொண்டே இருக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும், ஸ்க்ரூ டிரைவரால் குத்தினால் ஓட்டை. அடுத்தது, அச்சும் புரொப்பல்லர் தண்டும் உடம்பைத் துளைத்து வெளியே வருகிற இடங்கள். அங்கேயுள்ள ரப்பர் சீல் ஒன்று காய்ந்து வெடித்தாலும் போதும், வண்டி படகாக இருப்பதை நிறுத்திவிடும். தண்ணீரில் இறக்கி ஏற்றிய பிறகு கிரீஸ் போடாமல் விட்டால் சக்கர பேரிங் போயிற்று. 1960களில் ஜெர்மனியில் செய்த ஆம்ஃபிகார் என்ற நீச்சல் காருக்கும் இதே தலைவலிதான். ஆற்றில் உலா போன சுகத்தைவிட கிரீஸ் கன் பிடித்த நேரம் அதிகமாக இருந்திருக்கும்!

சீல் மாற்றினால் வருவாயினச் செலவு. அடித்தகடு முழுவதையும் புதிதாகப் போட்டால் முதலினச் செலவு. பரீட்சைக்கு இது போதும். ஆனால் சட்டம் இன்னொரு கேள்வி கேட்கிறது. 2021ல் மத்திய அரசு பழம்பெரும் வண்டிகளுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்தது. 50 வருடம் தாண்டிய இரண்டு சக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு நம்பர் பிளேட்டில் 'விஏ' என்ற எழுத்து. கட்டணம் 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும். ஒரு நிபந்தனை: சேஸிஸ், உடம்பு, எஞ்சின் பெரிதாக மாற்றப்படாமல் மூல வடிவத்தில் இருக்க வேண்டும்.

சாதாரண காருக்கு இது நல்ல விதி, போலிகளைத் தடுக்கும். தண்ணீரில் இறங்குகிற வண்டிக்கு? அதன் உடம்புதான் உள்ளே இருப்பவரின் உயிர். மூலத் தகரம் என்று துருவைக் கட்டிக்கொண்டு குளத்தில் இறங்குவது பைத்தியக்காரத்தனம். தண்ணீரில் இறக்கப் போகிறீர்களா, தயவு பார்க்காமல் துருவை வெட்டி, அதே கனத்தில் அதே வடிவத்தில் தகடு வைத்துப் பற்றவையுங்கள். வெட்டியதைப் போட்டோ எடுத்து வையுங்கள். இறக்கப் போவதில்லையா, ஒட்டையும் நெளிவையும் தொடாதீர்கள். ஹாஃப் சேஃப் இன்று பெர்த் நகரில் ஒரு பள்ளியில் காட்சிக்கு இருக்கிறது. கார்லின் போட்ட ஒட்டுகளையும் கூட்டிய பாகங்களையும் கழற்றிவிட்டு 1942 மாதிரி ஆக்கினால், அது ஆயிரத்தில் ஒரு ஜீப் ஆகிவிடும்.

இதெல்லாம் பணக்காரர் பொழுதுபோக்கு என்று சொல்பவர்கள் 2023 டிசம்பரை நினைத்துப் பார்க்க வேண்டும். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை. ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலோடு பயணிகள் சிக்கிக்கொண்டார்கள். தரையிலும் தண்ணீரிலும் போகிற வண்டியின் அருமை அன்றைக்குத் தெரிந்திருக்கும். 2025 ஆகஸ்டில் பஞ்சாப் வெள்ளத்தில் ராணுவம் ஏட்டார் என்ற பெரிய சக்கர நீர்நில வண்டிகளை இறக்கியது. இனி மாநிலங்களும் இப்படிப்பட்டவற்றை வாங்கத்தான் வேண்டும்.

வாங்கினால்? 2023 ஏப்ரலிலிருந்து நடப்பில் உள்ள விதிப்படி, ராணுவம், உள்நாட்டுப் பாதுகாப்புக்கான சிறப்பு வண்டிகள் தவிர, 15 வருடம் ஆன அரசு வண்டிகளை உடைப்புக்கு அனுப்ப வேண்டும். தினமும் ஓடுகிற ஜீப்புக்கு அது சரி. வருடத்தில் பத்து நாள் மட்டும் ஓடுகிற மீட்பு வண்டியையும் காலண்டரைப் பார்த்து உடைப்பது என்ன நியாயம்? கணக்கியலிலேயே உற்பத்தி அலகு முறை என்று, ஓடிய அளவுக்குத் தேய்மானம் போடுகிற வழி இருக்கிறது. வண்டியின் வயதை விடுங்கள். வருடம் ஒருமுறை குளத்தில் அரை மணி நேரம் இறக்கி நிறுத்தி, உள்ளே எத்தனை வாளி தண்ணீர் சேர்ந்தது என்று எண்ணிப் பார்க்கட்டும். தென்காசிப் பக்கம் குளத்துக்கா பஞ்சம்?