ரஃப் நோட்டை அப்படியே கொடுக்கலாமா?

எவரும் எடுத்துப் பார்க்கவும் திருத்தவும் உரிமை தரும் கணிப்பொறி நிரல்களைத் திறந்த மூல மென்பொருள் என்கிறோம். அவற்றில் ஓர் எழுத்துப்பிழையையேனும் திருத்திக் கொடுக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஆனால் எந்த முறையில் கொடுப்பது?

1991-இல் லினக்ஸைத் தொடங்கிய லினஸ் டோர்வால்ட்ஸ், உலகெங்கிலுமிருந்து அதற்கு வந்து குவியும் திருத்தங்களைச் சமாளிக்க 2005-இல் 'கிட்' என்னும் கருவியை எழுதினார். யார், எப்போது, எந்த வரியை மாற்றினார் என்பதை அது பதிந்து வைக்கும். லினக்ஸ் கெர்னலுக்கு இன்றும் திருத்தங்கள் மின்னஞ்சலில் போகின்றன. வேறு பல இடங்களிலோ, மூலத்தின் நகலை நம் பெயரில் எடுத்து, அதில் தனிக் கிளை பிரித்து வேலை செய்து, சேர்த்துக்கொள்ளும்படி விண்ணப்பிக்க வேண்டும். இதில் நமக்குத் தேர்வு இல்லை. அந்த வீட்டார் வழக்கமே நம் வழக்கம்.

தேர்வு இருப்பது வேறிடத்தில். சென்ற கோடை விடுமுறையில் ஒரு நிரலின் தமிழ்ச் சொற்களைத் திருத்தினேன். கிளை பிரிக்கவில்லை. "திருத்தம்", "மீண்டும் திருத்தம்", "ஐயோ, மறந்துவிட்டேன்" என்று பதினொரு பதிவுகள்! நடுவே தொடர்பில்லாத மாற்றங்களும் கலந்திருந்தன. "தனித்தனியாகப் பிரித்து அனுப்பவும்" என்று பதில் வந்தது. இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை.

பழைய பதிவுகளைக் கலைத்துப் புதிதாக அடுக்க, கிட்டில் 'ரீபேஸ்' என்றொரு கட்டளை உண்டு. என் அண்ணனுக்கு அது பிடிக்காது. "நடந்ததை நடந்தபடி வைப்பதே நேர்மை, இது பொய்க்கணக்கு" என்கிறார். நான் ஒப்பவில்லை. ரஃப் நோட்டில் அடித்துத் திருத்திப் போட்ட கணக்கை ஃபேர் நோட்டில் எழுதிக் கொடுப்பது பொய்யா? நம் வேலையைச் சரிபார்ப்பவர்களில் பலர் ஊதியமின்றி, ஓய்வு நேரத்தில் செய்கிறார்கள். அவர்கள் பொழுதை வீணாக்க நமக்கு என்ன உரிமை? மேலும், ஒரு மாற்றத்தால் கோளாறு வந்தால், அது தனிப் பதிவாக இருந்தால்தானே அதை மட்டும் எளிதில் நீக்கலாம்? என் பதினொன்றில் எதை நீக்குவது?

ஆனால் ஓரிடத்தில் அண்ணன் சொல்வதே சரி. பிறர் எடுத்துச் சென்று, அதன்மேல் வேலை தொடங்கிவிட்ட பதிவுகளை நாம் மாற்றி எழுதினால் அவர்கள் வேலையெல்லாம் குழம்பிவிடும். திருத்தக் கொடுத்த நோட்டைப் பாதியில் பிடுங்கித் தாளைக் கிழிப்பது போன்றது அது. அங்கே என் வாதம் செல்லாது.

பிறகு என் திருத்தங்களை மூன்று கிளைகளாகப் பிரித்து, கிளைக்கு ஒரு பதிவாக அனுப்பினேன். இரண்டை ஏற்றுக்கொண்டார்கள். மூன்றாவதில் 'சேமி' என்பதா, 'பதிவு செய்' என்பதா என்று இன்னும் பேச்சு நடக்கிறது.