எல்லிங்டனுக்கு மறுத்ததும் மார்சலிஸுக்குக் கொடுத்ததும்



1965. அமெரிக்காவின் புலிட்சர் விருதுக்கான இசை நடுவர்கள் ஒரு பெயரைச் சொன்னார்கள். டியூக் எல்லிங்டன். அவரது வாழ்நாள் பணிக்கு ஒரு சிறப்புப் பாராட்டு வேண்டும் என்றார்கள். விருதுக் குழு முடியாது என்றது. அந்த வருஷம் இசைக்கு விருதே இல்லை. மூன்று நடுவர்களில் இரண்டு பேர் ராஜினாமா செய்தார்கள். கறுப்பர் இசையில் ஆடலாம், அதை வைத்துச் சம்பாதிக்கலாம். கலை என்று பதிவேட்டில் ஏற்றத்தான் கை வரவில்லை.

முப்பத்திரண்டு வருஷம் கழித்து, 1997இல், அதே விருது முதல்தடவையாக ஒரு ஜாஸ் படைப்புக்குப் போனது. விண்டன் மார்சலிஸ் எழுதிய 'பிளட் ஆன் தி ஃபீல்ட்ஸ்'. வயல்களில் ரத்தம். 1994இல் நியூயார்க் லிங்கன் சென்டரில் மேடையேறி, 1995 ஜனவரியில் பதிவாகி, 1997இல் மூன்று தகடுகளாக வந்தது. இரண்டரை மணிக்கும் மேல் ஓடும். பழைய படைப்பு விதிக்குள் வராது என்பதால் சில திருத்தங்கள் செய்து யேல் பல்கலைக்கழகத்தில் மறுபடி வாசித்தார்கள். விதியின் சந்துபொந்துகளை ஒரு வங்கிக் குமாஸ்தாவுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை, சிரிப்புதான் வந்தது.

கதை இதுதான். ஜெஸ்ஸி ஆப்பிரிக்காவில் ராஜா வீட்டுப் பிள்ளை. லியோனா சாதாரணக் குடி. ரெண்டு பேரும் பிடிபட்டு ஒரே தோட்டத்துக்கு விற்கப்படுகிறார்கள். தப்பி ஓடப் பார்த்துக் காயப்பட்டவனுக்கு உதவுகிறவள் அவள்தான். அவன் நன்றி சொல்வதில்லை. தனக்கு ஊழியம் செய்யவே பிறந்தவள் என்று நினைக்கிறான்! சங்கிலிக்குள்ளேயும் மேல்கீழ். இந்த இடத்தில் தகட்டை நிறுத்திவிட்டு எழுந்து கொஞ்சநேரம் நடந்தேன். நமக்குள்ளேயும் இதைப் பேசாமல் விடுதலை பேசுகிறவர்கள் எத்தனை பேர்?

லியோனாவாக கசாண்ட்ரா வில்சன், ஜெஸ்ஸியாக மைல்ஸ் கிரிஃபித். குழுவினரே வாத்தியத்தை இறக்கிவிட்டு ஒரே குரலாய்க் கதை சொல்கிறார்கள். இதற்குள் டிராம்போன் வாசிப்பவர் வைக்ளிஃப் கார்டன். கக்கூஸ் அடைப்பு எடுக்கிற ரப்பர் கிண்ணத்தைக் குழலின் வாயில் வைத்து மூடித் திறந்து, பித்தளையை அழவும் உறுமவும் ஏசவும் வைக்கிற வித்தை இவருக்குக் கைவந்தது. எல்லிங்டன் குழுவில் டிரிக்கி சாம் நாண்டன் அன்றைக்கே செய்த காரியம் அது. அந்தக் கிண்ணத்தை யார் கையில் கொடுத்தார்கள், அவர்கள் அதை என்னவாக ஆக்கினார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

ஒரு சண்டையும் இருக்கிறது. விடுதலைக்கு வழி கேட்டு ஜெஸ்ஸி, கோமாளி வேஷத்தில் திரியும் ஞானி ஜூபாவிடம் போகிறான். பாடியவர் ஜான் ஹென்ட்ரிக்ஸ். எழுபதைத் தாண்டிய குரலில் என்ன குறும்பு! ஜூபா மூன்று வழி சொல்கிறான். உயிரிலிருந்து பாடக் கத்துக்கோ என்கிறான், சரி. விடுதலை கிடைத்தால் நீ யாராக இருப்பாய் என்று தெரிஞ்சுக்கோ என்கிறான், அதுவும் சரி. இந்தப் புது மண்ணை நேசி என்கிறானே, அதை என்னால் விழுங்க முடியவில்லை. சவுக்கு வைத்திருக்கிறவனிடம் எதுவும் கேட்காமல், அடிபட்டவனிடமே நேசத்தைக் கேட்பது என்ன நியாயம்? விருதுக் குழுவுக்கு இந்த வரி இதமாக இருந்திருக்குமோ என்ற சந்தேகம் எனக்குப் போகவில்லை.

எல்லிங்டன் 1943லேயே 'பிளாக், பிரவுன் அண்ட் பேஜ்' என்று அமெரிக்கக் கறுப்பர் வரலாற்றை கார்னகி ஹாலில் பெரிய குழுவோடு வாசித்தவர். விமர்சகர்கள் குதறினார்கள். அவர் 1974இல் இறந்துபோனார். புலிட்சர் குழு அவருக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது 1999இல்.