தனியாகப் போகட்டும், தோட்டத்தில் வேலை செய்யட்டும்



"பொம்பிளைப் பிள்ளை தனியாக இத்தாலிக்குப் போகிறதா? அதுவும் யாரோ ஒருவருடைய தோட்டத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்யவா? இதற்காகவா நாங்கள் இந்த நாட்டுக்கு வந்தோம்?"

இந்தக் கேள்வியை நம் சபைக் குடும்பங்களில் இந்த வருடம் மட்டும் மூன்று வீடுகளில் கேட்டுவிட்டேன். இதற்குள் இரண்டு விஷயங்கள் இருக்கின்றன. ஒன்று பயம், மற்றது வெட்கம். பயத்துக்கு மதிப்புக் கொடுத்துப் பதில் சொல்ல வேண்டும். வெட்கத்தை விட்டுவிட வேண்டும். என் கருத்து இவ்வளவுதான்.

முதலில், பிள்ளைகள் கேட்பது என்ன என்று பார்ப்போம். 1971ஆம் ஆண்டு லண்டனில் செயலாளராக வேலை பார்த்த சூ கொப்பார்ட் என்ற பெண், நகரத்தில் இருப்பவர்கள் சனி ஞாயிறுகளில் இயற்கை விவசாயப் பண்ணைகளுக்குப் போய் உதவி செய்ய ஒரு வழியை ஏற்படுத்தினார். முதல் பயணம் சசெக்ஸ் பகுதியில் உள்ள ஒரு பண்ணைக்கு. அதுதான் இன்று 'வூஃப்' என்ற பெயரில் நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் நடக்கிறது. பண்ணைக் குடும்பம் தங்க இடமும் சாப்பாடும் தருகிறது. போகிறவர் ஒரு நாளில் சில மணி நேரம் அவர்களோடு வேலை செய்கிறார். காசு கைமாறுவதில்லை. இத்தாலியிலும் இதற்கென ஒரு சங்கம் உண்டு. அதில் உறுப்பினராகச் சேர்ந்து, பண்ணைகளின் விவரங்களைப் படித்து, நாமே எழுதிக் கேட்க வேண்டும்.

நான் டோர்ட்மண்டில் தாதியாக வேலை செய்கிறேன். இரண்டு வருடங்களுக்கு முன் அக்டோபர் கடைசியில் மூன்று கிழமை விடுமுறை எடுத்தேன். பாசல் வழியாக மிலானுக்கு ரயிலில் போய், புளோரன்ஸ், அசிசி என்று ஒரு கிழமை தனியாகச் சுற்றினேன். மற்ற இரண்டு கிழமையும் ஸ்போலேட்டோவுக்கு அருகே ஒரு குடும்பத்தின் ஒலிவத் தோட்டத்தில் இருந்தேன். மரத்தின் கீழே வலையை விரித்து, கைச்சீப்பால் கிளைகளை வார்ந்து காய்களை விழுத்த வேண்டும். பிறகு இலைகளைப் பொறுக்கி எறிந்து, காய்களைப் பெட்டிகளில் நிரப்ப வேண்டும். பறித்த காய் கிடந்தால் எண்ணெயின் தரம் கெட்டுவிடும். அதனால் அன்றன்று மாலையே ஆலைக்குக் கொண்டுபோவார்கள். அந்த வீட்டுப் பாட்டி மேசையில் உட்காரும் வரை ஒருவரும் ரொட்டியைத் தொடமாட்டார்கள். எனக்கு இத்தாலி மொழி தெரியாது. அவருக்கு வேறு மொழி தெரியாது. அவருடைய காலில் இருந்த ஆறாத புண்ணைக் காட்டினார், மருந்து கட்டிவிட்டேன். அடுத்த நாளிலிருந்து என் தட்டில் இரண்டு மடங்கு சாப்பாடு!

இப்போது வெட்கத்துக்கு வருவோம். நம் அப்பாமார், தாத்தாமார் பலர் யாழ்ப்பாணத்துச் செம்மண்ணில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் செய்தவர்கள். விடியுமுன் எழுந்து தண்ணீர் இறைத்தவர்கள். "மண்ணோடு மாரடித்தது எங்களோடு போகட்டும், நீ படி" என்று சொல்லித்தான் நம்மை வளர்த்தார்கள். அந்தச் சொல்லில் உள்ள அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் அதே சொல் நம் காதில் வேறுமாதிரி விழுந்துவிட்டது. "அது வேண்டாம்" என்பது மெல்ல மெல்ல "அது கேவலம்" என்று ஆகிவிட்டது. ஒரு தலைமுறை தப்பி வந்த கஷ்டத்தை அடுத்த தலைமுறை இழிவாக நினைக்கத் தொடங்கினால், இன்றைக்கும் அந்தக் கஷ்டத்தில் இருக்கிறவர்களை அது எப்படிப் பார்க்கும்?

அவர்கள் தூரத்தில் இல்லை. சித்திரை வந்தால் நம் மேசைக்கு வரும் வெள்ளை ஸ்பார்கலை மண்ணைத் தோண்டி ஒவ்வொன்றாக வெட்டுகிறவர்கள் பெரும்பாலும் ருமேனியா, போலந்து நாட்டவர்கள். 2020ஆம் ஆண்டு கொரோனாவால் எல்லைகள் மூடப்பட்டபோது, ஏப்ரலில் 40,000 பேர், மே மாதத்தில் 40,000 பேர் என்ற வரம்போடு பருவகாலத் தொழிலாளர்களை விமானத்தில் வரவழைக்க ஜெர்மனி அனுமதித்தது. நாங்கள் மருத்துவமனையில் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்த நாட்கள் அவை. அவர்களுக்கு ஒருவரும் கைதட்டவில்லை.

வேதத்தில் இதற்கு ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது. ரூத் ஒரு அந்நிய தேசத்துப் பெண், இளம் விதவை. யாரையும் தெரியாத பெத்லகேமில், வாற்கோதுமை அறுப்பு தொடங்கிய காலத்தில், தனியாக வயலுக்குப் போக விரும்பினாள். நகோமி அவளைத் தடுக்கவில்லை. போய் வா என்று அனுப்பினாள். போவாஸ் தன் வேலைக்காரர் அவளைத் தொடக்கூடாது என்று கட்டளையிட்டான். தாகம் எடுத்தால் தண்ணீர் குடிக்கச் சொன்னான், அறுக்கிறவர்களோடு உட்கார்ந்து சாப்பிட வைத்தான். பெண்ணுக்குப் பாதுகாப்புக் கொடுப்பது வயலுக்குச் சொந்தக்காரனுடைய கடமை என்று அங்கே வைக்கப்பட்டிருக்கிறது. மாலையில் நகோமி கேட்ட கேள்வியையும் கவனியுங்கள். இன்று யாருடைய வயலில் வேலை செய்தாய் என்று விசாரித்தாள். விவரம் தெரிந்த பிறகு, அந்த வயலிலேயே இரு, வேறெங்கும் போகாதே என்று புத்தியும் சொன்னாள். விட்டாள், விசாரித்தாள், வழி காட்டினாள். பெற்றோருக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை.

இத்தாலியிலேயே நம்மைப் போன்ற சீர்திருத்தச் சபையார் இருக்கிறார்கள். பியமொண்ட் மலைப் பள்ளத்தாக்குகளில் வாழும் வால்டென்சியர் அவர்கள். அவர்களுடைய போதகர் துல்லியோ வினாய், உலகப்போர் முடிந்த கையோடு பிராலி என்ற மலையூரில் 'அகாப்பே' என்ற ஒன்றுகூடல் இல்லத்தைக் கட்டத் தொடங்கினார். 1947 முதல் 1951 வரை பல நாட்டு வாலிபர்கள் கல்லும் மண்ணும் சுமந்து அதைக் கட்டினார்கள். சில வருடங்களுக்கு முன் ஒருவரையொருவர் சுட்ட நாடுகளின் பிள்ளைகள் அவர்கள். அந்த இல்லம் இன்றும் இயங்குகிறது. கூலி வாங்காமல் கையால் வேலை செய்வது வாலிபருடைய சாட்சி என்பதை அந்தச் சபை அன்றே அறிந்திருந்தது.

போகிற பிள்ளைகளுக்கும் ஒரு கண்டிப்பான வார்த்தை உண்டு. இரண்டு கிழமை ஒலிவக்காய் பறித்துவிட்டுத் தொழிலாளியின் வாழ்க்கை தெரிந்துவிட்டது என்று படம் போடாதீர்கள். உங்களுக்குப் பிடிக்காவிட்டால் அடுத்த ரயிலில் வீட்டுக்கு வரலாம். அவர்களால் முடியாது. ரோமுக்குத் தெற்கே லத்தீனா பகுதியின் வயல்களில் ஆயிரக்கணக்கான பஞ்சாபித் தொழிலாளர்கள் வேலை செய்கிறார்கள். 2024 ஜூன் 17 அன்று அங்கே சத்னாம் சிங் என்ற 31 வயது இந்தியரின் கை இயந்திரத்தில் சிக்கித் துண்டானது. அவரிடம் வேலை செய்வதற்கான பத்திரங்கள் இருக்கவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனார்கள். இரண்டு நாளில் அவர் ரோமில் இறந்தார். கையை இழந்தவருக்கு ஒவ்வொரு நிமிடமும் எவ்வளவு பெறுமதியானது என்பது தாதியாகிய எனக்குத் தெரியும். தொழிலாளரை இப்படிச் சுரண்டும் தரகு முறைக்கு எதிராக 2016இலேயே இத்தாலி சட்டம் போட்டிருந்தது. சட்டம் இருந்தும் அவர் செத்தார். தோட்டத்துக்குப் போய் வந்தவர், கடையில் மலிவான தக்காளி டப்பாவை எடுக்கும்போது இவரை நினைக்காவிட்டால், போனதில் பாதிப் பயன்தான்.

இனி பயத்துக்கு வருகிறேன். "ஜெபித்துக்கொண்டு போ" என்று மட்டும் சொல்லமாட்டேன். ஜெபமும் வேண்டும், ஏற்பாடும் வேண்டும்.

முன்பு அங்கே தங்கியவர்கள் எழுதிய கருத்துகள் உள்ள பண்ணையையே தெரிவுசெய்யுங்கள். போகுமுன் முகம் பார்த்துப் பேசுங்கள். எத்தனை மணி நேர வேலை, என்ன வேலை, பூட்டக்கூடிய அறை உண்டா, பக்கத்து ரயில் நிலையம் எவ்வளவு தூரம் என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். இதற்கு முகம் சுளிக்கிறவர் வீட்டுக்குப் போக வேண்டாம். திரும்பி வரும் பயணச்சீட்டுக்கும் ஒரு இரவு விடுதிக்குமான காசு தனியாக இருக்கட்டும். மனம் ஒப்பவில்லை என்றால் காரணம் சொல்லாமலே கிளம்பலாம், அது மரியாதைக்குறைவு அல்ல. அவசர எண் இத்தாலியிலும் 112தான்.

சாதாரண சுகாதாரக் காப்புறுதி அட்டையின் பின்பக்கம் ஐரோப்பிய அட்டையாக இருக்கிறதா என்று பாருங்கள். ஏற்புவலித் தடுப்பூசி போட்டுப் பத்து வருடம் ஆகிவிட்டதா என்று பாருங்கள், மண்ணிலும் துருப்பிடித்த கம்பியிலும் கைபடும். வடகிழக்கு மலைப்பகுதிகளுக்குப் போகிறவர்கள் உண்ணிக்கடியால் வரும் மூளைக்காய்ச்சலுக்கான ஊசியைப் பற்றி வீட்டு வைத்தியரிடம் கேளுங்கள். ஐரோப்பியக் கடவுச்சீட்டு இல்லாதவர்கள், சம்பளமில்லாத வேலையும் வேலையாகக் கணக்கிடப்படலாம் என்பதால், முதலில் வெளிநாட்டவர் அலுவலகத்தில் விசாரியுங்கள்.

ஆண்பிள்ளைகளைப் பெற்றவர்களே, உங்களுக்கும் ஒன்று. மகன் நண்பர்களோடு மயோர்க்காவுக்குப் போகும்போது நீங்கள் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. மகள் தோட்டத்துக்குப் போகக் கேட்டால் வீடே கூடிப் பேசுகிறது. கேள்வி கேட்பதாக இருந்தால் இருவரிடமும் கேளுங்கள்.

சபை செய்யக்கூடியதும் உண்டு. போய் வந்த அக்காமார் இரண்டு மூன்று பேர் நம் மத்தியில் இருக்கிறோம். வாலிபர் கூட்டத்தில் ஒரு மாலை ஒதுக்கித் தந்தால், பெற்றோர் முன்னிலையில் பேசவும் கேள்விகளுக்குப் பதில் சொல்லவும் ஆயத்தமாக இருக்கிறோம்.

அடுத்த ஒலிவ அறுவடை அக்டோபரில் தொடங்கும். அதற்குமுன் உங்கள் மகள் வந்து கேட்டால், உடனே "இல்லை" என்று சொல்லாமல் மூன்று கேள்விகள் கேளுங்கள். யாருடைய வீடு? எத்தனை மணி நேரம்? திரும்பி வர என்ன வழி? மூன்றுக்கும் அவளிடம் பதில் இருந்தால், பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறீர்கள். சந்தோஷமாக அனுப்பிவையுங்கள்.