அரை ஏக்கர் கொடுத்தால் பள்ளிக்குப் பட்டறை வருமா?

“எங்கள் ஊர் அரசு மேல்நிலைப் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ வகுப்புகளில் வேளாண் அறிவியல் பிரிவு இருக்கிறது. செய்முறை என்று சொல்லிக் கரும்பலகையில்தான் நாற்று நடுகிறார்கள். மண்வெட்டி வைக்க ஓர் அறைகூட இல்லை. நாலு பேர் சேர்ந்து அரை ஏக்கர் எழுதிக்கொடுக்கத் தயாராக இருக்கிறோம். கட்டடமும் கருவிகளும் அரசு தருமா? எந்தத் திட்டத்தில் கேட்க வேண்டும்?”

- வாசகர், கீழ்வேளூர் வட்டம், நாகப்பட்டினம் மாவட்டம்.

தரும். ஆனால், நிலம் இருக்கிறதா என்று பார்த்துத் தராது. எந்தப் பாடப்பிரிவு, எந்தத் திட்டத்தின் கீழ் அனுமதி பெற்றது என்று பார்த்துத்தான் தரும். இந்த வித்தியாசம் பிடிபடாவிட்டால் எவ்வளவு நல்ல மனுவும் மேசைக்கு மேசை நடந்துகொண்டே இருக்கும்.

பள்ளிகளில் தொழிற்கல்வி என்ற பெயரில் இரண்டு வாய்க்கால்கள் ஓடுகின்றன. முதலாவது, தமிழக அரசின் சொந்த ஏற்பாடு. 1978-ல் பிளஸ் டூ முறை வந்தபோதே அதனுடன் தொழிற்கல்விப் பிரிவுகளும் வந்தன. விவசாயம், மின்சாரம், நெசவு, அலுவலகப் பணி என்று பல பிரிவுகள். புதிய பாடத்திட்டம் 2018-19-ல் பிளஸ் ஒன்னுக்கு வந்தபோது விவசாயப் பிரிவு ‘வேளாண் அறிவியல்’ என்ற பெயரில் புதுப் பாடநூல் பெற்றது. ஆசிரியர் சம்பளம், தேர்வு, பாடநூல் எல்லாம் மாநிலக் கணக்கு. வாசகரின் ஊர்ப் பள்ளியில் இருப்பது இந்தப் பிரிவு.

இரண்டாவது, ‘சமக்ர சிக்ஷா’ என்ற ஒருங்கிணைந்த பள்ளிக் கல்வித் திட்டத்துக்குள் இருக்கும் தொழிற்கல்விக் கூறு. அனைவருக்கும் கல்வி இயக்கம், இடைநிலைக் கல்வித் திட்டம், ஆசிரியர் பயிற்சி ஆகிய மூன்றையும் இணைத்து 2018-19-ல் மத்திய அரசு இதைத் தொடங்கியது. 9 முதல் 12-ஆம் வகுப்பு வரை, தேசியத் திறன் தகுதிக் கட்டமைப்பில் வரையறுத்த பாடங்களுக்கு மட்டும் இந்தப் பணம் வரும். வகுப்பறையோடு சேர்ந்த பட்டறை, கருவிகள், பயிற்றுநர் ஊதியம், செய்முறைக்கான மூலப்பொருள் என்று தனித்தனித் தலைப்புகள் இதில் உண்டு. பட்டறை என்ற பெயரிலேயே பணம் இருப்பது இங்கேதான். ஆனால், முதல் வாய்க்காலில் இருக்கும் பிரிவுக்கு இரண்டாவது வாய்க்காலின் தண்ணீர் தானாகப் பாயாது. பள்ளி அந்தத் திட்டப் பாடத்தை நடத்த அனுமதி பெற வேண்டும். பிறகுதான் பட்டறை பற்றிய பேச்சே எழும்.

விவசாயக் குடும்பங்களிலேயே சிலருக்குத் தொழிற்கல்வி என்றால் ஒரு தயக்கம் உண்டு. அதற்குக் காரணமும் உண்டு. 1953-ல் ராஜாஜி அரசு கிராமப் பள்ளிகளில் படிப்பு நேரத்தைக் குறைத்து, மீதி நேரத்தில் பிள்ளைகள் பெற்றோரின் தொழிலைக் கற்கட்டும் என்று ஒரு திட்டம் கொண்டுவந்தது. ‘குலக்கல்வி’ என்று எதிர்ப்பு கிளம்பி, 1954-ல் ராஜாஜி பதவி விலகி, காமராஜர் வந்ததும் அது கைவிடப்பட்டது. அப்பன் தொழிலையே பிள்ளை தலையில் கட்டுவது வேறு. விரும்பிச் சேர்ந்த பிள்ளைக்கு மண் பரிசோதனையும் விதைத் தேர்வும் ஒழுங்காகக் கற்றுத்தருவது வேறு. இரண்டாவதற்குத்தான் பட்டறையும் நிலமும் தேவைப்படுகின்றன.

அனுமதி எப்படி நடக்கிறது? பள்ளியின் தேவையை மாவட்டக் கல்வி நிர்வாகம் தொகுக்கும். அது மாநிலத் திட்ட இயக்ககத்துக்குப் போய், மாநிலத்தின் ஆண்டுத் திட்டமாக டெல்லியில் உள்ள திட்ட ஒப்புதல் குழுவின் முன் வைக்கப்படும். அங்கே பள்ளிவாரியாக, பாடவாரியாக ஒப்புதல் கிடைக்கும். நிதியாண்டு ஏப்ரலில் தொடங்குவதால் கணக்கெல்லாம் அதற்கு முந்தைய மாதங்களிலேயே முடிந்துவிடும். ஜூனில் பள்ளி திறந்த பிறகு மனு கொடுப்பது, நடவு முடிந்த வயலுக்கு நாற்றுக்கட்டு தூக்கிப்போன கதை. தை பிறப்பதற்குள் பள்ளியின் கோரிக்கை முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் இருக்க வேண்டும்.

இன்னொரு சின்ன விஷயம், ஆனால் பெரிய விஷயம். ஒவ்வொரு பள்ளிக்கும் ‘யூடைஸ்’ என்ற 11 இலக்க எண் உண்டு. அந்தப் பதிவேட்டில் பள்ளியின் அறைகள், ஆய்வகங்கள், மாணவர் எண்ணிக்கை எல்லாம் ஆண்டுதோறும் ஏற்றப்படும். மேலே இருப்பவர்கள் பள்ளியைப் பார்ப்பது அந்தப் பதிவேட்டின் கண்ணாடி வழியாகத்தான். பழைய சத்துணவுக் கொட்டகை ஒன்றை யாரோ ‘தொழிற்கல்வி அறை’ என்று பதிந்திருந்தால், காகிதத்தில் அந்தப் பள்ளிக்குக் குறையே இல்லை. தலைமை ஆசிரியரைக் கேட்டு அந்தப் பதிவை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இப்போது கசப்பான பகுதி. சமக்ர சிக்ஷாவில் தமிழகம் போன்ற மாநிலங்களுக்கு 100 ரூபாயில் 60 மத்திய அரசு, 40 மாநில அரசு. 2024-25-ஆம் ஆண்டுக்குத் தமிழகத்துக்கு வர வேண்டிய மத்தியப் பங்கு சுமார் 2,152 கோடி ரூபாய் நிறுத்திவைக்கப்பட்டது. ‘பி.எம். ஸ்ரீ’ பள்ளித் திட்டத்துக்கான ஒப்பந்தத்தில் மாநிலம் கையெழுத்திடவில்லை என்பது காரணம். அந்த ஒப்பந்தம் தேசியக் கல்விக் கொள்கையை முழுதாக ஏற்கச் சொல்கிறது, மும்மொழியை ஏற்க முடியாது என்பது மாநிலத்தின் வாதம். மற்ற மாநிலங்கள் ஏற்றதை ஒரு மாநிலம் மட்டும் மறுக்கலாமா என்பது மத்திய அரசின் வாதம். 2025 மே மாதத்தில் தமிழக அரசு உச்ச நீதிமன்றத்தில் வழக்கு தொடுத்து, வட்டியோடு சேர்த்து 2,291 கோடி கேட்டது. யார் பக்கம் நியாயம் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒரு திட்டத்தின் பணத்தை இன்னொரு திட்டத்தின் கையெழுத்தோடு முடிச்சுப்போட்டால் முதலில் காய்வது கடைமடைதான். மேட்டூரில் மதகை இறக்கினால் நாகையில் என்ன ஆகும் என்று இந்த மாவட்டத்துக்காரர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

அதனால் ஒரே வாய்க்காலை நம்பி உட்கார வேண்டாம். கட்டடத்துக்கு மட்டும் என்றால் வேறு வழிகளும் இருக்கின்றன. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி ரூபாய். அரசுப் பள்ளிக் கட்டடம் அதில் எடுக்கக்கூடிய வேலை. நாடாளுமன்ற உறுப்பினர் நிதி ஆண்டுக்கு 5 கோடி. ஆனால், நாகப்பட்டினம் நாடாளுமன்றத் தொகுதிக்குள் ஆறு சட்டமன்றத் தொகுதிகள். பங்கு போட்டால் ஓர் ஊருக்கு என்ன மிஞ்சும் என்பதைக் கணக்குப் போட்டுக்கொள்ளலாம். இரண்டு நிதியிலும் நிரந்தரச் சொத்துதான் உருவாக்க முடியும்; விதை, உரம், பயிற்றுநர் சம்பளம் எல்லாம் அதில் வராது. பள்ளிக் கட்டடங்களுக்கு நபார்டு வங்கியின் ஊரகக் கட்டமைப்பு நிதியும் உண்டு. ஆனால் அது மாநில அரசு வாங்கும் கடன். ஊரார் நேரே போய்க் கேட்க முடியாது, பட்டியலில் பள்ளியைச் சேர்க்கச் சொல்லித்தான் கேட்க வேண்டும். ஊர்ப்பணம் திரட்ட முடியும் என்றால் ‘நமக்கு நாமே’ திட்டம் பொருத்தம். ஊரகப் பகுதியில் மக்கள் பங்கு குறைந்தது மூன்றில் ஒன்று. மீதியை அரசு போடும். 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊருப் பள்ளி’ திட்டம் வழியாக, வெளியூரில் வேலை பார்க்கும் முன்னாள் மாணவர்கள் பணம் கொடுக்கலாம். சிங்கப்பூரிலோ துபாயிலோ ஒரு பிள்ளை இல்லாத ஊர் நாகை மாவட்டத்தில் குறைவு.

எந்த வழி என்றாலும் முதல் காகிதம் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம். பெற்றோரும் ஊராட்சிப் பிரதிநிதியும் அதில் இருப்பார்கள். கட்டடம் தனி, கருவி தனி, ஆண்டுச் செலவு தனி என்று பிரித்து எழுதிய தீர்மானம் வேண்டும். ஒரு தலைப்பின் பணத்தை இன்னொன்றுக்குச் செலவிட்டால் தணிக்கையில் தலைமை ஆசிரியர்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அவர் தயங்குவதற்குப் பாதிக் காரணம் அதுதான்.

அடுத்து அந்த அரை ஏக்கர். எழுதிக்கொடுக்கும் முன்பு பட்டா யார் பெயரில் என்று பார்க்க வேண்டும். நாகை மாவட்டத்தில் சாகுபடி செய்கிறவரும் நிலத்தின் சொந்தக்காரரும் ஒருவராகத்தான் இருப்பார் என்று சொல்ல முடியாது. கோயில் நிலமும் மடத்து நிலமும் ஏராளம். மூன்று தலைமுறையாகக் குத்தகை கட்டினாலும் குத்தகைதாரர் அந்த நிலத்தைத் தானம் கொடுக்க முடியாது. கோயில் நிலத்தைப் பள்ளி நீண்டகாலக் குத்தகைக்கு எடுப்பது என்றால், 5 ஆண்டுகளுக்கு மேற்பட்டால் இந்து சமய அறநிலையத் துறை ஆணையரின் அனுமதி வேண்டும். 1959-ஆம் ஆண்டு அறநிலையச் சட்டத்தின் 34-ஆவது பிரிவு அப்படிச் சொல்கிறது. சொந்தப் பட்டா என்றால் வில்லங்கச் சான்று எடுத்து, இரண்டு சாட்சிகளோடு தானப் பத்திரத்தைப் பதிவு செய்ய வேண்டும். வெள்ளைத்தாளில் எழுதிக் கையெழுத்து போட்ட தானம், கொடுத்தவர் காலத்துக்குப் பிறகு பிள்ளைகளின் வழக்காக மாறும். யார் பெயருக்கு எழுதுவது என்பதைக் கல்வித் துறையிடம் எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகு பத்திரம் போடுவது நல்லது. பிறகு பட்டா மாற்றம். அரை ஏக்கர் முழுவதும் பள்ளமாக இருந்தால் வயலுக்கு நல்லது, பட்டறைக்கு ஆகாது. ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்காத மேடு ஒரு மூலையிலாவது வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் போன பாதை இது. தகரக் கூரைக்கு மதிப்பீடு போட்டுக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லும் துணிச்சலும் குழுவுக்கு வேண்டும்.

பணம் வரும்வரை என்ன செய்வது? இங்கே அமெரிக்காவின் பழைய சட்டம் ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. 1917-ல் வந்த ஸ்மித்-ஹியூஸ் சட்டம், பள்ளிகளில் விவசாயம் கற்பிக்க மத்திய நிதி கொடுத்தது. ஆசிரியர் சம்பளத்துக்குக் கொடுத்தது, கட்டடத்துக்குக் கொடுக்கவில்லை. மாநிலமோ உள்ளூரோ அதே அளவு பணம் போட வேண்டும் என்றது. கூடவே, ஒவ்வொரு மாணவரும் ஆண்டுக்குக் குறைந்தது 6 மாதம் ஒரு பண்ணையில் மேற்பார்வையோடு வேலை பழக வேண்டும் என்றும் விதித்தது. பண்ணை பள்ளியுடையதாக இருக்கலாம், வேறு யாருடையதாகவும் இருக்கலாம். இந்தியத் திட்டங்களில் சுவருக்கு இருக்கும் அக்கறை வயலுக்கு இல்லை என்பது வருத்தமான உண்மை.

வாசகரின் ஊரில் 6 மாதம் என்பது சரியாக ஒரு சம்பா. பத்திரம் ஆகும்வரை காத்திருக்காமல், நிலத்துக்காரர்கள் சாகுபடி செய்யும் அதே வயலில் பிள்ளைகளுக்கு இடம் கொடுக்கலாம். தலைமை ஆசிரியரின் எழுத்து அனுமதியும் பெற்றோர் சம்மதமும் இருந்தால் போதும். ஆடியில் ‘வி’ வடிவக் குழி வெட்டி 15 சென்டிமீட்டர் ஆழத்தில் மண் மாதிரி எடுப்பதில் தொடங்கலாம். முட்டை மிதக்கும் அளவுக்கு உப்புக் கரைத்துப் பதரைப் பிரித்து, விதையை நல்ல தண்ணீரில் கழுவி, அரை ஏக்கருக்கு அரை சென்ட் பாய் நாற்றங்கால் போட்டால் அதிலேயே நாலு வகுப்பு ஓடிவிடும். 14 நாள் நாற்றைக் கயிறு பிடித்துச் சதுர நடவு, கோனோ களைக்கருவி, இலை வண்ண அட்டை பார்த்துத் தழைச்சத்து, பொங்கலை ஒட்டி அறுவடைக் கணக்கு. சிக்கல் வேளாண் அறிவியல் நிலையம் பக்கத்திலேயே இருக்கிறது. கீழ்வேளூரில் 2021 முதல் வேளாண்மைக் கல்லூரியும் இருக்கிறது. இரண்டு இடத்துக்கும் பள்ளியின் கடிதம் போனால் வயலுக்கு ஆள் வர வாய்ப்பு உண்டு. ஒரு பருவம் இப்படி நடந்த பதிவேடும் புகைப்படமும் தீர்மானத்தோடு இணைந்தால், முதன்மைக் கல்வி அலுவலரின் மேசையில் அந்த மனுவுக்கு வேறு எடை இருக்கும்.

“மகள் பத்தாம் வகுப்பு முடித்திருக்கிறாள். வேளாண் அறிவியல் பிரிவில் சேர்ந்தால் கல்லூரி வாசல் அடைத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?”

- வாசகி, தலைஞாயிறு.

உண்மையல்ல. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழக இளநிலைச் சேர்க்கையில், பள்ளியில் விவசாயத் தொழிற்பிரிவு படித்தவர்களுக்கு 5 சதவீத இடம் தனியே உண்டு. 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருந்தால், 2021-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத ஒதுக்கீட்டிலும் விண்ணப்பிக்கலாம். வேளாண்மை, மீன்வளம், கால்நடை மருத்துவம் மூன்றுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். ஆனால், அறிவியல் பிரிவு படித்தவருக்குத் திறக்கும் எல்லாக் கதவும் இதில் திறக்காது. மருத்துவம் என்ற ஆசை இருந்தால் உயிரியல் பிரிவுதான் சரி. சேர்ப்பதற்கு முன்பு பள்ளியில் கேட்க வேண்டியது ஒன்றே: வேளாண் ஆசிரியர் எப்போது ஓய்வு பெறுகிறார், அந்த இடத்துக்கு ஆள் வருவாரா? ஆசிரியர் இல்லாத பிரிவில் இரண்டு ஆண்டுகள் போனால் மதிப்பெண் அடிவாங்கும், அப்புறம் அந்த 5 சதவீதம் இருந்தும் பயன் இல்லை.