ஆங்கில எழுத்தில் தமிழா? ஆசிரியர்களே, முதலில் நாம் திருந்துவோம்!



இந்தப் பதிவில் நான் சிலரைக் குறைகூறப் போகிறேன். அந்தச் சிலரில் முதல் ஆள் நான்தான். ஆகவே, யாரும் சினங்கொள்ள வேண்டா.

சென்ற ஆண்டில் ஒரு சனிக்கிழமை. காலையில் மாணவர்களுக்குக் குறுக்கோட்டப் பயிற்சி வைத்திருந்தோம். வெள்ளிக்கிழமை இரவே வானம் இருண்டு கிடந்தது. பெற்றோர்களின் புலனக் குழுவில், அதாவது வாட்சப் குழுவில், 'நாளை மழை வந்தால் பயிற்சி இல்லை' என்று ஒரு செய்தி அனுப்பினேன். ஆனால், அதனைத் தமிழில் எழுதவில்லை. தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்துகளில் தட்டி அனுப்பினேன். காரணம் கேட்டால், அவசரம் என்பேன். 'மழை' என்ற சொல் எம், ஏ, எல், ஏ, ஐ என ஐந்து ஆங்கில எழுத்துகளாகப் போய்ச் சேர்ந்தது.

மறுநாள் காலையில் நல்ல மழை. பள்ளி வாயிலில் ஒரு பாட்டி குடையைப் பிடித்துக்கொண்டு தம் பேரனோடு நின்றிருந்தார். பையனின் அம்மாவும் அப்பாவும் விடியுமுன்பே எல்லை தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குச் செல்பவர்கள். குழுவில் இருப்பது பாட்டியின் கைப்பேசி எண்தான்.

"பயிற்சி இல்லையென்று நேற்றே செய்தி போட்டேனே அம்மா" என்றேன்.

"ஐயா, நான் தோட்டத்துப் பள்ளிக்கூடத்துல ஆறாவது வரைக்கும் படிச்சவ. தமிழ் நல்லாப் படிப்பேன். நீங்க இங்கிலீசுல போட்டா எனக்கு எப்படிங்க தெரியும்?" என்றார்.

'நான் போட்டது தமிழ்தான் அம்மா' என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அன்று மாலை இன்னொரு தந்தை அழைத்தார். 'மாலை வந்தால் பயிற்சி இல்லை' என்று படித்துவிட்டு, அப்படியானால் காலையில் எத்தனை மணிக்குப் பயிற்சி என்று குழம்பியிருக்கிறார். அவர் மேலும் பிழையில்லை. மழை, மாலை, மலை, மாலை நேரம், கழுத்தில் போடும் மாலை எல்லாம் ஆங்கில எழுத்தில் ஏறக்குறைய ஒன்றுதானே!

பகலில் ஆசிரியர்; இரவில் யார்?

வகுப்பறையில் நாம் என்ன செய்கிறோம்? 'பள்ளி' என்பதைப் 'பல்லி' என்று எழுதிய மாணவனுக்குச் சிவப்பு மையால் வட்டம் போடுகிறோம். லகர ளகர ழகர வேறுபாட்டிற்குத் தனியாகப் பாடம் நடத்துகிறோம். றன்னகரம், டண்ணகரம், தந்நகரம் என்று சொல்லிச் சொல்லித் தொண்டை வறள்கிறது. அதே நாள் இரவில், அந்த மாணவனின் வீட்டுக்கு நாமே அனுப்பும் செய்தியில் ல, ள, ழ மூன்றையும் ஒரே ஆங்கில எழுத்தால் எழுதுகிறோம். ந, ன, ண மூன்றுக்கும் ஒன்று. ர, ற இரண்டுக்கும் ஒன்று. பகலெல்லாம் நட்டதை இரவில் நாமே பிடுங்கி எறிந்தால் பயிர் எப்படி விளையும்?

பிள்ளை கேட்பதைவிட பார்ப்பதைத்தான் கற்றுக்கொள்கிறது. தமிழ் என்பது பயிற்சிப் புத்தகத்துக்கு உரிய எழுத்து, உண்மையான வாழ்க்கைக்கு உரிய எழுத்து வேறு என்ற பாடத்தை நம் கைப்பேசி அதற்கு நாள்தோறும் நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தப் பாடத்துக்குத் தேர்வு இல்லை. ஆனால் எல்லாப் பிள்ளைகளும் அதில் தேறிவிடுகிறார்கள்!

அன்று காரணம் இருந்தது, இன்று இல்லை

நேர்மையாகப் பேசுவோம். ஒரு காலத்தில் இந்தப் பழக்கத்திற்கு நியாயமான காரணம் இருந்தது. 2000களின் தொடக்கத்தில் நம்மிடம் இருந்த கைப்பேசிகள் பலவற்றில் தமிழ் எழுத்தே தெரியாது. தமிழ் எழுத்தில் குறுஞ்செய்தி அனுப்பினாலோ, ஆங்கில எழுத்தில் 160 எழுத்துகள் கொள்ளும் ஒரு செய்தியில் 70 குறியீடுகள்தான் அடங்கும். புள்ளியும் கொம்பும்கூடத் தனித்தனிக் குறியீடுகளாக எண்ணப்படும். செய்தி இரண்டாக உடையும், கட்டணமும் கூடும். காசைப் பார்த்து ஆங்கில எழுத்துக்குப் போனவர்களை நான் குறைகூற மாட்டேன்.

அந்தச் சிக்கலைத் தீர்க்க உழைத்தவர்கள் வேறெங்கோ இருந்து வந்தவர்கள் அல்லர். சிங்கப்பூரில் நா. கோவிந்தசாமி 1990களிலேயே தமிழை இணையத்தில் ஏற்றப் பாடுபட்டார். அவரும் நம்மைப் போல ஆசிரியப் பணியில் இருந்தவர். 1997இல் தமிழ் இணைய மாநாடு சிங்கப்பூரில் நடந்தது. நம் மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலைக் கணினிக்குத் தந்தார். அவர் உருவாக்கிய செல்லினம் 2005இல் சிங்கப்பூரில் வெளியீடு கண்டு, கைப்பேசியிலும் தமிழில் எழுதலாம் என்று காட்டியது. 2013இல் ஐபோனிலேயே தமிழ் விசைப்பலகை உள்ளமைந்து வந்தது. இன்று ஆண்டிராய்டு திறன்பேசிகளிலும் அப்படியே. புலனத்தில் எழுத்தெண்ணிக்கைக் கட்டணமும் இல்லை.

காரணம் போய்விட்டது, பழக்கம் மட்டும் நம்மோடு தங்கிவிட்டது. பிறர் தம் வாழ்நாளைச் செலவிட்டுக் கட்டிய பாலத்தில் ஏறாமல், ஆற்றில் இறங்கி நனைந்துகொண்டே 'பாலம் இல்லை' என்று சொல்லிக்கொண்டிருக்கிறோம்.

நாம் சொல்லும் சாக்குப்போக்குகள்

1. 'தமிழில் தட்டச்சு செய்ய நேரம் பிடிக்கும்.'

எண்ணிப் பார்ப்போமா? தமிழ்99 விசைப்பலகையில் மெய்யெழுத்தை இருமுறை அழுத்தினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே வந்துவிடும். ஆகவே, 'வணக்கம்' என்று எழுத வ, ண, க, க, ம, புள்ளி என ஆறு தட்டல்கள் போதும். ஆங்கில எழுத்தில் எட்டு. 'பள்ளிக்கூடம்' தமிழில் பத்து. ஆங்கில எழுத்தில் பன்னிரண்டு. என்னை மாட்டிவிட்ட 'மழை' தமிழில் வெறும் மூன்று. ஆங்கில எழுத்தில் ஐந்து. முதல் இரண்டு வாரம் விரல் தடுமாறும், உண்மைதான். மிதிவண்டி ஓட்டப் பழகியபோது விழவில்லையா நாம்?

2. 'சில பெற்றோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது.'

இது சாக்கு அன்று, உண்மையான சிக்கல். தேசியப் பள்ளியில் படித்துவிட்டுத் தம் பிள்ளையை மட்டும் தமிழ்ப்பள்ளிக்கு அனுப்பும் பெற்றோர் இருக்கின்றனர். அவர்களை நாம் போற்ற வேண்டும். அவர்களுக்காகத் தமிழில் எழுதிய செய்தியின் கீழே மலாயில் ஒரு வரி சேர்க்கலாம். குரல் பதிவாகவும் சொல்லலாம். முறையான தமிழும் முறையான மலாயும் இருவரையும் சென்று சேரும். ஆங்கில எழுத்துத் தமிழோ தமிழ் மட்டும் படித்த பாட்டிக்கும் புரியாது. தமிழ் தெரியாத மருத்துவமனைத் தாதிக்கும் புரியாது.

3. 'எழுத்துப்பிழை வந்தால் மானம் போகும்.'

பெற்றோர்களே, பிழையோடு எழுதுங்கள், தமிழிலேயே எழுதுங்கள். ஆசிரியர்களே, குழுவில் பெற்றோர் செய்யும் பிழையைத் திருத்தும் வேலையைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ஒருவரைப் பத்துப் பேர் முன்னிலையில் திருத்தினால் அவர் பிழையில்லாமல் எழுத மாட்டார், எழுதுவதையே நிறுத்திவிடுவார்.

4. 'இது வெறும் புலனச் செய்திதானே!'

இன்று நம் மக்கள் அன்றாடம் எழுதுவதில் பெரும்பங்கு அந்த 'வெறும்' செய்திதான். கடிதம் போயிற்று, நாட்குறிப்பு போயிற்று. அங்கும் தமிழ் இல்லையென்றால் பிறகு எங்கே இருக்கும்?

செய்ய வேண்டியது இவ்வளவுதான்

ஆண்டிராய்டு: ஜிபோர்டு விசைப்பலகையில் பற்சக்கரப் படத்தைத் தொடுங்கள். 'மொழிகள்' என்பதற்குள் சென்று விசைப்பலகையைச் சேர்த்துத் தமிழைத் தேர்ந்தெடுங்கள். கைப்பேசி மலாயில் இருந்தால் 'பகாசா' என்று காட்டும். அங்கேயே மூன்று வழிகள் கிடைக்கும். தமிழ் எழுத்துகளை நேரடியாகத் தட்டலாம். ஆங்கில ஒலியில் தட்டினால் தமிழாக மாற்றித் தரும் வழியும் உண்டு. பழைய பழக்கத்தை விடமுடியாதவர்களுக்கு அதுவே போதும். மூன்றாவது, விரலால் திரையில் எழுதும் வழி. மொழி மாற, உருண்டைப் படத்தைத் தொடுங்கள் அல்லது இடைவெளி விசையை அழுத்திப் பிடியுங்கள்.

ஐபோன்: அமைப்புகளில் 'பொது', அதனுள் 'விசைப்பலகை', பிறகு புதிய விசைப்பலகையைச் சேர்த்தல். தமிழ்99, அஞ்சல் இரண்டும் இருக்கும். ஆங்கில ஒலியில் தட்டிப் பழகியவர்கள் அஞ்சலைத் தேர்ந்தெடுக்கலாம்.

பேசி எழுதுதல்: கூகுள் 2017 முதல் தமிழைக் கேட்டு எழுதுகிறது. ஒலிவாங்கிப் படத்தைத் தொட்டுப் பேசுங்கள். நிறுத்தி நிதானமாகப் பேசினால் நன்றாகவே எழுதும். அனுப்புமுன் ஒருமுறை படித்துப் பார்த்துவிடுங்கள். 'மழை' 'மலை' ஆகிவிடக்கூடும்!

ஆசிரியர்களுக்கு இன்னும் ஒன்று: பழைய எழுத்துருவில் தட்டிய பயிற்சித்தாளைப் புலனத்தில் ஒட்டினால் பொருளற்ற குறிகளாகத் தெரிவதைப் பார்த்திருப்பீர்கள். அது ஒருங்குறி அல்லாத பழைய குறியாக்கம். ஒருங்குறியில் தமிழுக்கு 1991 முதலே இடமுண்டு. இனி எதையும் ஒருங்குறியில் எழுதுங்கள். பழையவற்றை மாற்றித்தரும் கருவிகள் இணையத்தில் இலவயமாகக் கிடைக்கின்றன. அறிவிப்பைப் படமாக மட்டும் அனுப்பாமல் எழுத்தாகவும் அனுப்புங்கள். எழுத்தாக இருந்தால் பிறகு தேடி எடுக்கலாம். கண்பார்வை குறைந்தவருக்குக் கைப்பேசியே படித்துக் காட்டும்.

எழுத்து போனால் என்ன?

'பேச்சு இருந்தால் போதும், எழுத்து எதுவானால் என்ன' என்று கேட்போரும் உண்டு. அவர்களுக்கு விடை நம் நாட்டிலேயே இருக்கிறது. மலாய்மொழி பல நூற்றாண்டுகள் ஜாவி எழுத்தில் எழுதப்பட்ட மொழி. 1963ஆம் ஆண்டின் தேசிய மொழிச் சட்டம் ரூமியைத் தேசிய மொழியின் எழுத்தாக்கியது. ஜாவியைத் தடை செய்யவில்லை. தடை இல்லாவிட்டாலும் அன்றாடப் புழக்கத்தில் ரூமியே எங்கும் நிறைந்துவிட்டது. மலாய்மொழி வாழ்கிறது. ஆனால், தம் பாட்டனார் ஜாவியில் எழுதிய கடிதத்தைப் படிக்க முடியாத பேரப்பிள்ளைகள் இன்று பலர். மலாய்மொழிக்கு ஓர் அரசு இருக்கிறது, சட்டம் இருக்கிறது. நமக்கு இருப்பவை நம் பள்ளிகளும் நம் பழக்கமும்தான்.

2019இல் நான்காம் ஆண்டு மலாய்மொழிப் பாடநூலில் ஜாவி எழுத்தணிக் கலையைச் சேர்க்கும் அறிவிப்பு வந்தபோது நம் சமுதாயம் கொதித்தெழுந்தது. அது சரியா தவறா என்பது இங்குப் பேச்சன்று. அப்போது 'நம் தமிழைக் காப்போம்' என்று என் கைப்பேசிக்கு வந்து குவிந்த செய்திகளில் பல ஆங்கில எழுத்தில்தான் இருந்தன! வெளியிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்று வாசலில் நின்று கூவினோம். வீட்டுக்குள்ளிருந்து நாமே தூக்கி எறிந்துகொண்டிருந்ததை மட்டும் பார்க்கவில்லை.

1816இல் பினாங்கில் தொடங்கியது இந்த மண்ணின் தமிழ்க்கல்வி. இரப்பர்த் தோட்டத்துக் கொட்டகைகளில், மணலில் விரலால் எழுதிக் கற்ற தலைமுறை அதனைக் காத்துத் தந்தது. இன்று 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் நம்மிடம் உள்ளன. அந்தப் பள்ளிகளின் ஆசிரியர் குழுவும் பெற்றோர் குழுவும் இன்று இரவே தமிழ் எழுத்துக்கு மாறிவிடலாம். அதற்கு மானியம் வேண்டா, மாநாடு வேண்டா, அமைச்சரின் ஒப்புதலும் வேண்டா.

அந்தப் பாட்டியைச் சொல்லி முடிக்கிறேன். அன்று மழை விடும்வரை ஆசிரியர் அறையில் அமரவைத்து, அவருடைய கைப்பேசியில் விரலால் எழுதும் வழியை அமைத்துக் கொடுத்தேன். பத்து நிமிடம் ஆகியிருக்கும். திரையில் முதலில் தம் பேரனின் பெயரை எழுதினார். எழுத்து கோணலாக இருந்தது. கைப்பேசி அதனைச் சரியாகப் படித்துக் காட்டியது. பையன் எட்டிப் பார்த்து, "பாட்டி, என் பேரு!" என்று குதித்தான்.

அடுத்த சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குழுவில் ஒரு செய்தி வந்தது: 'ஐயா இங்கே மழை இல்லை. பேரன் கிளம்பிட்டான்.'

அந்தக் குழுவில் எங்களில் எவரும் அதுவரை தமிழ் எழுத்தில் ஒரு வரியும் எழுதியிருக்கவில்லை. முதல் வரியை எழுதியவர் ஆறாம் வகுப்புவரை படித்த அந்தப் பாட்டிதான். கல்லூரியில் படித்துப் பட்டம் பெற்ற நாங்கள் அவருக்குப் பின்னால்தான் வந்தோம்.

கைப்பேசியை எடுங்கள். தமிழைச் சேருங்கள். முதல் செய்தியை உங்கள் பிள்ளைக்கு எழுதுங்கள்.