மளிகை ஜாபிதாவும் லினக்ஸ் கெர்னலும்

காஞ்சீபுரத்துக்கு மேற்கே, பாலுசெட்டி சத்திரம் பக்கத்தில் திருப்புட்குழி இருக்கிறதல்லவா? அங்கே மரகதவல்லித் தாயாரை வேண்டி மடியில் கட்டிக்கொண்டால் வறுத்த பயறும் முளைக்கும் என்பது ஐதீகம். பரணில் தூங்கும் பழைய லாப்டாப்பை எழுப்ப அவ்வளவு பெரிய வரம் தேவையில்லை, சகோதரிகளே! பொறுமையும், எதை வாங்குவது எதை விடுவது என்கிற குடித்தனக் கணக்கும் இருந்தால் போதும்.

2011-ல் தமிழக அரசு மாணவர்களுக்கு இலவச லாப்டாப் கொடுக்கத் தொடங்கியபோது, சி-டாக் நிறுவனம் சென்னையில் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அதில் வந்தது. பெண் படித்து முடித்து உத்தியோகத்துக்கும் போய்விட்டாள், லாப்டாப் பரணேறிவிட்டது. லினக்ஸில் ஒரு விசேஷம், அதன் உயிர்நாடியான கெர்னலை நம் யந்திரத்துக்கு ஏற்றபடி நாமே கட்டிக்கொள்ளலாம்.

கெர்னல் என்பது திரை, டிஸ்க், வைஃபை எல்லாவற்றையும் வேலை வாங்குகிற மேஸ்திரி. 1991-ல் ஹெல்ஸிங்கி சர்வகலாசாலை மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதி வெளியிட்டபோது சுமார் 10,000 வரிகள்தான். இன்று மூன்று கோடியைத் தாண்டிவிட்டது! உலகத்திலுள்ள கருவிகளுக்கெல்லாம் அதில் இடம் உண்டு. நான்கு பேர் குடும்பத்துக்குக் கல்யாணச் சமையல் ஜாபிதா எதற்கு?

கெர்னல் டாட் ஆர்க் தளத்தில் மூலம் இலவசமாகக் கிடைக்கிறது. 'மேக் மெனுகான்ஃபிக்' என்றால் ஜாபிதா விரியும். ஒவ்வொரு சாமானுக்கும் மூன்று பதில்கள்: 'ஒய்' என்றால் கெர்னலுக்குள்ளேயே வைத்துக் கட்டு, 'எம்' என்றால் தனியே எடுத்து வை, வேண்டும்போது கூப்பிடுகிறேன், 'என்' என்றால் வேண்டாம். ஆயிரக்கணக்கான கேள்விகள், அம்மாடி! அதற்காகவே 'மேக் லோக்கல்மாட்கான்ஃபிக்' என்று ஒன்று இருக்கிறது. இப்போது யந்திரத்தில் ஓடிக்கொண்டிருக்கும் மாட்யூல்களைப் பார்த்து, மற்றதையெல்லாம் தானே அடித்துவிடும்.

இங்கேதான் ஜாக்கிரதை வேண்டும். அந்த நிமிஷத்தில் செருகியிருக்காத பிரிண்டரை அதற்குத் தெரியாது. ஆகவே பிரிண்டர், காமிரா, பென் டிரைவ் எல்லாவற்றையும் செருகி, வைஃபையையும் போட்டுவிட்டு அப்புறம் கட்டளை கொடுங்கள். உங்கள் டிஸ்க்கின் டிரைவருக்கும், எக்ஸ்ட்4 போன்ற கோப்பு முறைக்கும் கண்ணை மூடிக்கொண்டு 'ஒய்' போடுங்கள். இவை விட்டுப்போனால் கெர்னல் எழுந்ததும் வீட்டு வாசல் தெரியாமல் 'பேனிக்' என்று நின்றுவிடும்.

"இத்தனை பாடுபட்டால் வேகம் பறக்குமா?" என்று வீட்டுக்காரர் கேட்பார். பறக்காது. கொஞ்சம் இடம் மிச்சம், கொஞ்சம் நினைவகம் மிச்சம்; அவ்வளவுதான். லாபம் வேறு இடத்தில். நம் வீட்டு யந்திரத்துக்குள் என்னென்ன இருக்கிறது என்று நமக்கே தெரிந்துவிடும். பிறகு ரிப்பேர்க் கடைக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்ட வேண்டாமே! இன்னொன்று: பாதுகாப்புத் திருத்தங்கள் இந்தக் கெர்னலுக்குத் தானாக வராது; புது மூலம் வரும்போது நாமேதான் மறுபடி கட்ட வேண்டும். பழைய ஜாபிதாவைப் பத்திரப்படுத்தியிருந்தால் 'மேக் ஓல்டுகான்ஃபிக்' புதிதாக வந்த கேள்விகளை மட்டுமே கேட்கும். அதற்கும் அவகாசமில்லை என்பவர்கள், பாங்கு வேலைக்கு வைத்திருக்கும் லாப்டாப்பில் கை வைக்காமல் இருப்பதே நலம்.

கட்டி முடிய மணிக்கணக்காகும். சார்ஜர் செருகியே இருக்கட்டும். மெத்தைமேல் வைக்காமல் மேஜைமேல் வையுங்கள், நன்றாகச் சூடாகும். 'லோக்கல்வெர்ஷன்' என்ற இடத்தில், ஆங்கில எழுத்தில் இடைவெளியில்லாமல் ஒரு பெயர் வைக்கலாம். புட்குழி என்றே வையுங்களேன்! பெயர் வேறாக இருந்தால் புதியது பழைய கெர்னலை அழிக்காது. பழையதை நீங்களும் அழிக்காதீர்கள். புதியது முரண்டு பிடித்தால், யந்திரம் கிளம்பும்போது ஷிஃப்ட் அல்லது எஸ்கேப் விசையை அழுத்தினால் 'க்ரப்' பட்டியல் வரும். அதில் பழையதைப் பொறுக்கி உள்ளே போய், எந்தச் சாமானுக்குத் தவறிப்போய் 'என்' போட்டீர்கள் என்று நிதானமாகத் தேடலாம்.